ஹவசூ அருவிகளுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஹவசூ ஓடை ஓடுகிறது. இருபுறமும் செக்கச்சிவந்த பாறைச் சுவர். நடுவே மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர். அது விழுகிற இடமெல்லாம் அருவி, தேங்குகிற இடமெல்லாம் குளம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் கிளம்புகிறார்கள். அந்த அருவிகளுக்கு வண்டிப் பாதை கிடையாது என்பது படத்தில் தெரியாது. சாலை முடிகிற இடத்திலிருந்து முகாம் வரை சுமார் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். போகும்போது இறக்கம், திரும்பும்போது அதே தூரம் ஏற்றம்.

ஆகவே இந்தப் பயணத்தைக் கடைசி நாளில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். எந்த மாதம் போவது, பையில் என்ன வைப்பது, கூடாரத்தை எங்கே அடிப்பது, மூன்றாம் நாள் எவ்வளவு தூரம் சுற்றுவது என்று எதை முடிவு செய்தாலும், நாலாம் நாள் காலை அந்தச் செங்குத்து ஏற்றத்தில் உங்கள் கால்கள் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே முடிவு செய்யுங்கள்.

முதல் வேலை: அனுமதி

இது தேசியப் பூங்காவின் நிலம் அல்ல, ஹவசூபாய் பழங்குடியினரின் நிலம். கிராண்ட் கேன்யன் நுழைவுச் சீட்டும் அமெரிக்கப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டும் இங்கே செல்லாது. காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் பயணத்துக்கும் அனுமதி இல்லை. முகாமில் தங்குவதென்றால் மூன்று இரவு, நாலு பகல் என்ற கணக்கில்தான் முன்பதிவு. கூடாரத்தில் படுக்க முடியாதவர்களுக்கு, முகாமுக்குப் போகும் வழியில் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் சூபாய் கிராமத்தில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. ஆனால் விடுதியிலிருந்து ஹவசூ அருவிக்கு மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டும். தினமும் போய்வர வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

முகாமுக்கு ஓர் ஆளுக்கு நானூறு டாலருக்கு மேல் ஆகும். பணம் திரும்பக் கிடைக்காது. இடங்கள் அந்த ஆண்டுக்கான விற்பனை தொடங்கிய வேகத்திலேயே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வர முடியாமல் போனவர்கள் விட்டுக்கொடுக்கும் நாட்களைப் பழங்குடியினரின் அதிகாரபூர்வ முன்பதிவுத் தளத்திலேயே மறுவிற்பனைக்கு வைப்பார்கள். தினமும் ஒருமுறை எட்டிப்பாருங்கள். வார நாட்களுக்கு நெகிழ்வாக இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வேறு யாரிடமிருந்தாவது அனுமதி வாங்கித்தருகிறேன் என்று செய்தி வந்தால் பணம் கொடுக்காதீர்கள். முன்பதிவில் பெயர் உள்ளவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும்.

அருவி பார்க்க இவ்வளவா என்று சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். 1882-இல் அமெரிக்க அரசு இந்த மக்களுக்கென்று விட்டுவைத்தது பள்ளத்தாக்கின் அடியில் வெறும் 518 ஏக்கர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வேட்டையாடித் திரிந்த மேட்டுநிலம் முழுவதும் கைவிட்டுப் போனது. இன்று கூடாரம் அடிக்கிற இடம்கூட நெடுங்காலம் பூங்கா நிர்வாகத்தின் வசம் இருந்தது. 1975-இல்தான் சட்டத்தின் மூலம் சுமார் 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். சுற்றுலா அவர்களின் முக்கிய வருமானம். அப்படியிருந்தும் கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வெளியாரை அனுமதிக்காமல் பள்ளத்தாக்கை மூடியே வைத்திருந்தார்கள். உள்ளே சிறிய மருத்துவ நிலையம் ஒன்றுதான் இருக்கிறது. பெரிய மருத்துவமனை வெகு தொலைவு. ஊரின் முதியவர்களைக் காக்க வருமானத்தையே விட்டுக்கொடுத்த மக்கள் அவர்கள். அந்தக் கட்டணத்தைக் கொடுக்கும்போது இது நினைவில் இருந்தால் போதும்.

எந்த மாதம்

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. வேறு தேர்வு இருக்கும்போது கோடையில் போகாதீர்கள். ஜூனில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நமக்குப் பழகிய வெயில்தானே என்று வேலூரிலும் மதுரையிலும் வளர்ந்தவர்கள் நினைக்கக்கூடும். அங்கே காற்றில் ஈரமே இல்லை. வியர்ப்பது தெரியாமலேயே உடம்பு வற்றிப்போகும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழைக் காலம், அப்போது திடீர் வெள்ள அபாயம் உண்டு. பிப்ரவரி, நவம்பர் மாதங்களில் கூட்டம் குறைவு, ஆனால் இரவில் தண்ணீர் உறையும் குளிர்.

ஓடை நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 21 டிகிரியில் இருக்கிறது. மே மாத நண்பகலில் அது சுகம். மார்ச் காலையில் நடுங்கிக்கொண்டு கரையேறுவீர்கள்.

பை: எதை விடுவது

ஒவ்வொருவர் பையும் தண்ணீர் உட்பட 12, 13 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கூடாரம், தூக்கப்பை, பாய், ஒரு கனமான மேலுடை, ஒரு மாற்றுடை, நெற்றி விளக்கு, தண்ணீர் வடிகட்டி, சிறிய எரிவாயு அடுப்பு. விறகு மூட்டவும் கரி மூட்டவும் தடை இருப்பதால் அடுப்பு கட்டாயம் வேண்டும். கால்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நடக்க ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி ஒன்று, தண்ணீரில் நடக்க நல்ல பிடிப்புள்ள இன்னொன்று, இரண்டும் வேண்டும். ஓடையின் அடிப்பாகம் சுண்ணாம்புப் படிவத்தால் சொரசொரப்பானது. வெறுங்காலைக் கிழித்துவிடும். ஓடையை முதல்முறை குறுக்கே கடக்கும்போதே ரப்பர் செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவல், வறுத்த ரவையில் செய்த உப்புமா மாவு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கடலை மிட்டாய் எல்லாம் எடை குறைவு, கெடாது, கொதிநீர் இருந்தால் பத்து நிமிடத்தில் உணவு. டப்பா உணவுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் காலித் தகரத்தையும் நீங்களேதான் சுமந்து மேலேற வேண்டும். உள்ளே கொண்டுபோன குப்பை ஒவ்வொன்றும் உங்களோடு வெளியே வர வேண்டும் என்பது அங்கே சட்டம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நாளுக்கு இரண்டு வீதம் வையுங்கள். மது, டிரோன், செல்லப்பிராணி மூன்றுக்கும் அனுமதி இல்லை. மதுவைக் கொண்டுபோவது பழங்குடிச் சட்டப்படி குற்றம், சும்மா எழுதிவைத்த விதி அல்ல.

பையைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி அனுப்பவும் முன்பதிவு செய்யலாம். ஒரு விலங்குக்கு நாலு பைகள், ஒவ்வொன்றும் 32 பவுண்டு, அதாவது சுமார் பதினாலரைக் கிலோவுக்குள். சுமை விலங்குகள் நடத்தப்படும் விதம் குறித்துக் கடந்த ஆண்டுகளில் புகார்கள் எழுந்ததுண்டு. முழங்கால் வலியோ முதுகுப் பிரச்சினையோ உள்ளவர்கள் ஏற்றுவதில் தவறில்லை. முடிந்தவர்கள் தங்கள் பையைத் தாங்களே சுமக்கட்டும். ஹெலிகாப்டரும் உண்டு. அது வாரத்தில் சில நாட்கள்தான் பறக்கும், ஊர்மக்களுக்கும் அவர்களின் சரக்குக்கும் முதலிடம், காற்றடித்தால் நின்றுவிடும். அதை நம்பித் திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

ஹில்டாப் வரை

லாஸ் வேகாஸிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். பீச் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டிச் சில மைல் கிழக்கே பழைய ரூட் 66 சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி வாலபாய் ஹில்டாப்பில் பாறை விளிம்போடு முடிகிறது. அந்தக் கிளைச்சாலையில் பெட்ரோல் இல்லை, கடை இல்லை. பிரிவதற்கு முன்பே டேங்கை நிரப்புங்கள், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வாங்கி வையுங்கள். ஹில்டாப்பிலும் குடிநீர் கிடையாது. திரும்பி வரும்போது குடிக்கவென்று வண்டிக்குள்ளேயே ஒரு கேன் தண்ணீரை விட்டுவிட்டு இறங்குங்கள்.

இருட்டில் இந்தச் சாலையை வேகமாக ஓட்டாதீர்கள். மாடுகளும் எல்க் மான்களும் சாலை நடுவில் நிற்கும். முந்தின இரவு பீச் ஸ்பிரிங்ஸில் தங்கிவிட்டு விடியலுக்கு முன் நிதானமாக வருவது நல்லது. தொலைபேசி இணைப்பு அங்கே கிடைக்காது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இறக்கம்

விடிந்ததும் இறங்கத் தொடங்குங்கள். இரவு நடைக்குத் தடை உண்டு. முதல் இரண்டரைக் கிலோமீட்டர் பாறைச்சுவரை வளைந்து வளைந்து இறங்கும் பாதை. சுமார் 300 மீட்டர் உயரம் இங்கேயே இறங்கிவிடும். முழங்காலுக்குத்தான் வேலை. நடைக்கோல்கள் வைத்திருப்பவர்கள் இங்கே மகிழ்வார்கள். போகிற போக்கில் ஒருமுறை திரும்பி மேலே பாருங்கள். நாலாம் நாள் எங்கே நிழல் விழும், எங்கே உட்கார ஒரு மேடை இருக்கிறது என்று இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அதன்பின் வறண்ட ஆற்றுப்படுகை. கூழாங்கல்லும் மணலுமாக, இருபுறச் சுவரும் நெருங்கி நெருங்கி வரும். இங்கே தண்ணீர் இல்லை. கிராமத்துக்குச் சற்று முன்னால் ஓடை வந்து சேரும் வரை பையில் இருப்பதுதான் தண்ணீர். பாறைச் சுவரின் சிவப்புக்கு இரும்புத் துரு காரணம். கீழே உள்ள சுண்ணாம்புப் பாறை உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம். மேலடுக்குகளிலிருந்து மழைநீர் வழித்துக்கொண்டு வரும் இரும்புச் சத்து பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூசிப் பூசிச் சிவப்பாகியிருக்கிறது. அந்த மேலடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே சூபாய் அடுக்கு.

குளம்படி கேட்டால் உடனே ஒதுங்குங்கள். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சில சமயம் ஓட்டிச் செல்பவர் இல்லாமலே வேகமாக வரும். பாறைச்சுவர் பக்கமாக ஒட்டி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் பக்கவாட்டுச் சுமை இடித்துத் தள்ளிவிடும். இந்த விலங்குகள் சுமப்பவற்றில் தபாலும் அடக்கம். அமெரிக்காவில் இன்றும் கோவேறு கழுதை மேல் கடிதம் போகும் ஊர் இது. சூபாய் அஞ்சலகத்தில் ஓர் அட்டை வாங்கி வீட்டுக்கு அனுப்பினால் அந்த விவரத்தைச் சொல்லும் முத்திரையோடு போய்ச்சேரும்.

சூபாய் கிராமம்

பதிமூன்றாவது கிலோமீட்டரில் வேலிகளும் வயல்களும் தெரியும். முன்பதிவைக் காட்டி மணிக்கட்டுப் பட்டையும் கூடாரத்துக்கான அடையாளச் சீட்டும் எங்கே வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் குளிர்பானம் கிடைக்கும். உணவகத்தில் எண்ணெயில் பொரித்த ரொட்டி கிடைக்கும். எல்லாமே சுமந்து கொண்டுவந்த பொருள் என்பதால் விலையில் பேரம் பேசாதீர்கள்.

இங்கே கேமராவைப் பைக்குள் வையுங்கள். வீடுகளையோ மனிதர்களையோ பிள்ளைகளையோ படம் எடுக்கக் கூடாது. ஊருக்கு மேலே செம்பாறை உச்சியில் நிற்கும் இரட்டைத் தூண்களை அந்த மக்கள் தங்களைக் காப்பவையாகக் கருதுகிறார்கள். பாதையை விட்டு விலகி யார் முற்றத்திலும் குறுக்கே நடக்காதீர்கள். ஒரு வணக்கம், ஒரு தலையசைப்பு போதும். அவர்களில் பலருக்கு அன்றைய தினம் நீங்கள் முந்நூறாவது அந்நியர்.

முகாமும் அருவிகளும்

கிராமத்திலிருந்து முகாமுக்கு மூன்று கிலோமீட்டர். வழியில் முதலில் ஐம்பதடி அருவியும் சிறிய நவாஹோ அருவியும் வரும். 2008 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஓடை திசைமாறி, பழைய நவாஹோ அருவி வறண்டு, இவை பிறந்தன. ஆழம் குறைந்த அகலமான குளங்கள் உள்ளதால் நீச்சல் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இவையே ஏற்ற இடம். பலர் அவசரமாகத் தாண்டிப்போய்விடுகிறார்கள். ஒரு மதியத்தை இங்கேயே கழிப்பவர்கள்தான் விவரமானவர்கள்.

அடுத்து ஹவசூ அருவி, ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். பாதை அதன் தலைமட்டத்தில் வந்து கீழே இறங்குவதால் முதல் காட்சியே முழுக் காட்சி. குளத்தோரத்தில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். தண்ணீரில் விழுந்த சுள்ளி ஒன்றின் மேல் மாவு பூசினாற்போல் வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். நிலத்தடியில் நெடுங்காலம் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிவந்த நீர் வெளிக்காற்றில் பட்டதும் கரியமில வாயுவை இழக்கிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு இலை, வேர், கல் எல்லாவற்றின் மீதும் படிகிறது. குளங்களைத் தேக்கி நிற்கும் அந்த வளைந்த வரப்புகள் அப்படி உருவானவைதான். நீரின் நிறமும் இந்தச் சுண்ணாம்பின் உபயமே. வரப்புகளின் மேல் ஏறி நடந்து உடைக்காதீர்கள். சோப்பு, ஷாம்பு எதுவும் ஓடையில் கூடாது. பாறையிலிருந்து குதிப்பதற்கும் தடை. வண்டல் சேர்ந்து குளத்தின் ஆழம் மாறிக்கொண்டே இருப்பதால் நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்கால் அளவாக இருக்கலாம்.

முகாமில் எண்ணிட்ட இடங்கள் கிடையாது. ஓடையின் இரு கரையிலும் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடித்த இடத்தில் அடித்துக்கொள்ளலாம். கடைக்கோடியில், மூனி அருவிப் பக்கம் அமைதி அதிகம் என்று அங்கே போவார்கள். திரும்பும் நாளின் தூரத்தை அது கூட்டுகிறது, குடிநீர் ஊற்றும் தொலைவாகிறது. நுழைவுப் பக்கமே, ஓடையிலிருந்து சற்று மேடான இடமாகப் பாருங்கள். ஃபெர்ன் ஊற்றில் குடிநீர் பிடிக்கலாம். அதையும் வடிகட்டியில் ஒருமுறை விட்டுக் குடியுங்கள். 2024 ஜூனில் இங்கு வந்தவர்கள் பலர் வாந்தி பேதியில் விழுந்து ஹெலிகாப்டரில் வெளியேற நேர்ந்தது. நோரோவைரஸ் போன்றவற்றுக்குக் கைகழுவும் ஜெல் சரியாக வேலை செய்யாது. சிறு சோப்புக்கட்டியும் தண்ணீரும் கொண்டு, ஓடையை விட்டுத் தள்ளி நின்று கைகழுவுங்கள். அணில்கள் துணிப்பையைக் கடித்துத் திறந்துவிடும். உணவை மூடியுள்ள கெட்டியான வாளியில் வையுங்கள்.

மூனி அருவி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உயரம் சுமார் 60 மீட்டர். 1880-களில் இங்கே விழுந்து இறந்த ஒரு சுரங்கத் தேட்டக்காரரின் பெயர் அதற்கு. கீழே இறங்கும் வழி முதலில் சுண்ணாம்புப் படிவத்தைக் குடைந்த இரண்டு குறுகிய சுரங்கங்கள் வழியாகப் போகிறது. பை முதுகில் இருந்தால் உரசும். இரண்டாவது சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பாதை என்று எதுவும் இல்லை. பாறையில் அடித்த இரும்பு முளைகள், அவற்றில் தொங்கும் சங்கிலி, காலூன்றச் செதுக்கிய குழிகள். கடைசிப் பகுதியில் மர ஏணிகள். அருவியின் சாரல் நேராக அடிப்பதால் ஏணிப்படிகள் எப்போதும் நனைந்து வழுக்கும். ரப்பர் பிடிப்புள்ள கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முகம் பாறையை நோக்கியிருக்க, மூன்று பிடி பாறையில் இருக்கும்போது நாலாவதை மட்டும் நகர்த்துங்கள். சங்கிலியைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போக முடியும், அதனால் கீழே குரல்கொடுத்துக் கேட்டுவிட்டு இறங்குங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் கூட்டமில்லை. பதினோரு மணிக்கு வரிசை நிற்கும், வரிசையில் நிற்கும்போது கால் நடுங்கும். உயரம் என்றால் பயப்படுபவர்களை மற்றவர்கள் வற்புறுத்தாதீர்கள். மேலே நின்று பார்த்தாலே மூனி முழுதாகத் தெரிகிறது. சிறு பிள்ளைகளை இங்கே இறக்குவது சரியல்ல.

இறங்கியவர்கள் இன்னும் ஐந்து கிலோமீட்டர் அளவு ஓடையைக் குறுக்கே கடந்து கடந்து நடந்தால் பீவர் அருவி வரும். படிப்படியாக இறங்கும் குளங்கள், ஒவ்வொன்றிலும் நீந்தலாம். இதை இரண்டாம் நாளில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாளில் வேண்டாம். முகாமிலிருந்து 13 கிலோமீட்டர் தூரத்தில் ஓடை கொலராடோ ஆற்றில் கலக்கும் இடம் வரை ஒரே நாளில் போய்வருபவர்களும் உண்டு. முதன்முறை வருபவர்களுக்கு அது தேவையில்லை.

வெள்ளம்

தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வரலாம். இந்த ஓடைக்கு வடியும் மேட்டுநிலம் மிகப் பெரியது, எங்கோ தொலைவில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். 2018 ஜூலையில் சுமார் 200 பயணிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு பயணி உயிரிழந்தார், நூற்றுக்கும் மேற்பட்டோர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். தண்ணீரின் நிறம் செம்மண் கலங்கலாக மாறினாலோ, கிளைகளும் குப்பையும் மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ இரைச்சல் கேட்டாலோ, பையை எடுக்கத் திரும்பாதீர்கள். கூடாரத்தையும் செல்பேசியையும் விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். முகாமுக்கு வந்த அன்றே, எந்தச் சரிவில் ஏறுவது என்று பகல் வெளிச்சத்தில் எல்லோருமாகப் பார்த்து வையுங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

திரும்பும் நாள்

மூன்றாம் நாள் மாலையே பையைக் கட்டிவிடுங்கள். அன்று பகலில் ஹவசூ குளத்தைத் தாண்டி எங்கும் போகாதீர்கள். இரவு நன்றாகச் சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்கள். வெளிச்சம் பரவும்போதே நடையைத் தொடங்கினால், வெயில் ஏறுமுன் படுகையின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். கிராமத்தில் எல்லாப் புட்டிகளையும் நிரப்புங்கள், ஆளுக்கு நாலு லிட்டர். அதற்கப்பால் ஹில்டாப் வரை ஒரு சொட்டும் கிடைக்காது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். இடையிடையே உப்பாக ஏதாவது தின்னுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் தலைசுற்றல் வரும்.

கடைசி இரண்டரைக் கிலோமீட்டருக்குக் கீழே, பாறை நிழல் இருக்கும் இடத்தில் அரைமணி நேரம் காலணியைக் கழற்றி உட்காருங்கள். பிறகு ஏறத் தொடங்கினால் குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். பின்னால் விட்டால் அவர் ஓய்வெடுக்கவே நேரம் கிடைக்காது, மற்றவர்கள் காத்திருந்து காத்திருந்து, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். நூறு அடி எடுத்துவைத்து நிற்பது, மூச்சு சீரானதும் மறுபடி நூறு அடி. இந்த வேகத்தில் முதியவர்களும் ஏறியிருக்கிறார்கள்.

மேலே வந்ததும் வண்டியில் விட்டுப்போன தண்ணீர் சுடத்தான் செய்யும், ஆனாலும் குடியுங்கள். அன்றே லாஸ் ஏஞ்சலஸுக்கோ ஃபீனிக்ஸுக்கோ ஓட்டிப்போகத் திட்டம் போடாதீர்கள். களைத்த உடம்போடு அந்த 100 கிலோமீட்டரையும் அதற்கப்பால் நெடுஞ்சாலையையும் ஓட்டுவது பள்ளத்தாக்கைவிட ஆபத்தானது. பீச் ஸ்பிரிங்ஸிலோ கிங்மனிலோ ஓர் அறையை முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டு, இருட்டுவதற்கு முன் போய்ச்சேருங்கள்.